குழாயடியிலிருந்து தெரிந்த வகுப்பு

மாதுங்கா, பம்பாய்
1-8-1948, ஞாயிறு

1

"நமது பள்ளியின் விழாவுக்குள் ஒரு மாஜிக் லாந்தர் வாங்கிவிட வேண்டுமென்று கமிட்டியார் துடிக்கிறார்கள். வகுப்பில் இப்படித் திரையில் படம் காட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பாடம் சொல்வதில் நன்மை என்ன, தொல்லை என்ன என்பதை, அதைச் செய்து பார்த்தவர் என்ற முறையில் தாங்கள் விழா மலருக்கு எழுதியனுப்ப வேண்டும்."

அம்பாசமுத்திரத்திலிருந்து 12-7-48 தேதியிட்டு நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் எனக்கு எழுதிய கடிதத்தில் உள்ள வரிகள் இவை. கடிதம் 16-ந் தேதி வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு தாளில் நன்மைகள், இன்னொரு தாளில் தொல்லைகள். நன்மைத் தாள் காப்பி ஆறுவதற்குள் நிரம்பிவிட்டது. தொல்லைத் தாளில் ஒரு பெண்ணின் பெயரை எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. இரண்டு வாரமாக அந்தத் தாள் அப்படியே கிடக்கிறது.

1928-ல் இதே ஆகஸ்ட் முதல் தேதிதான் நான் பம்பாயில் வந்து இறங்கினேன். வருஷாவருஷம் இந்தத் தேதியில் பழைய டைரிகளை எடுத்துப் புரட்டுவது வழக்கம். எங்கே குடியிருந்தோம், யார் வந்து தங்கினார்கள், எந்த மழையில் ரயில் நின்றது என்றெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். இந்த வருஷம் போன நவம்பரோடு நின்றுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இங்கே வள்ளி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அவள் படிப்பு தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்பது இன்று எனக்குத் தெரியாது. நின்றிருந்தால், அதில் நான் வாங்கிக் கொடுத்த விளக்குக்குப் பங்கு உண்டு. விளக்கைவிட எனக்கு அதிகப் பங்கு உண்டு. ஆகவே இரண்டு தாளையும் தள்ளிவைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நன்மை தொல்லைகளைப் படிப்பவர்களே பிரித்துக்கொள்ளலாம்.

2

பம்பாய்த் தமிழர் என்றால் ஊரில் மாதுங்காவைத்தான் நினைப்பார்கள். ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், சங்கீத சபை, இட்லிக் கடை. அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் தாராவி இருக்கிறது. அங்கேயும் நம் ஜில்லாக்காரர்கள்தான். சங்கரன்கோவில், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள். பம்பாய் வந்து பதினைந்து வருஷம் வரை நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. 1943-ல் மாதுங்காவில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தார் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். தேதி தவறாமல் எழுதுகிறவன் என்று என்னைக் காரியதரிசியாகப் போட்டார்கள். அப்படித்தான் போனேன்.

பள்ளிக்கூடம் என்பது கிடங்கின் சுவரை ஒட்டிய ஒரு நீளக் கொட்டகை. தெருப்பக்கம் மூன்று ஜன்னல்கள். கதவு கிடையாது, கம்பி மட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே முனிசிபல் குழாய். சாயங்காலம் நாலு மணி வாக்கில் தண்ணீர் வரும். அதற்கு முன்பே பெண்கள் குடமும் மண்ணெண்ணெய்த் தகரமும் வரிசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் வகுப்பு முழுவதும் அவர்களுக்குத் தெரியும். தெரிவது மட்டுமல்ல, அங்கிருந்தே பேசவும் செய்வார்கள்.

"ஏட்டி பேச்சி, குனிஞ்சி எழுதாத, கண்ணு கெட்டுப் போவும்!"

"வாத்தியாரே, எங்க வீட்டுப் பயல ரெண்டு போடுங்க. இன்னைக்குப் பழையத நாய்க்குப் போட்டுட்டு வந்திருக்கான்."

வாத்தியார் சுடலைமுத்து வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது பிள்ளைகளை ஒரே கொட்டகையில் ஒற்றைத் தொண்டையால் கட்டி மேய்ப்பவர். "இந்தக் குழாயை நிறுத்துனா எனக்கு ஆயுசு கூடும் சார்" என்பார். கமிட்டிக் கூட்டக் குறிப்பில் "குழாயடி இரைச்சலால் பாடத்துக்கு இடையூறு" என்று நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

லாந்தர் வந்தது 1946-ல். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் நானும் இன்னொரு கமிட்டி அங்கத்தினரும் போய் எடுத்தோம். கறுப்புத் தகரப் பெட்டி, முன்னால் பித்தளைக் குழலில் லென்ஸ், கூடவே ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்கள். மண்ணெண்ணெய் விளக்கு அல்ல, மின்சார பல்பு. கொட்டகையில் மின்சாரம் இல்லை.

அதற்காக நான் ஏறி இறங்கிய படிகளைத் தனியாக எழுதலாம். ஒரு ஆபீஸில் மராட்டிக் குமாஸ்தா எதற்காக இணைப்பு என்று கேட்டார். பதினெட்டு வருஷத்தில் சேர்த்துவைத்த என் ஹிந்தியையெல்லாம் திரட்டி, "ஹம்கோ அந்தேரா மாங்தா. இஸ் வாஸ்தே பிஜிலி மாங்தா" என்றேன். எங்களுக்கு இருட்டு வேண்டும், அதற்காக மின்சாரம் வேண்டும் என்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தேரா தோ முஃப்த் மே மில்தா ஹை, மாஸ்டர்" என்றார். இருட்டுதான் இலவசமாகவே கிடைக்கிறதே என்று அர்த்தம். சுற்றியிருந்த மேஜைகளெல்லாம் சிரித்தன. பிறகு, படம் காட்டுவதென்றால் அது பள்ளிக்கூடமா சினிமாவா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. சினிமா என்றால் வேறு ஆபீஸ். மனு அங்கே போய்த் திரும்பி வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. 1947 ஜூனில்தான் கம்பி இழுத்தார்கள்.

14-6-47 சனிக்கிழமை முதல் பாடம். சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஆபீஸ், ஆகையால் அந்தக் கிழமை. விளக்கைப் போட்டோம். திரையாகக் கட்டிய வேட்டியில் படம் விழுந்ததா என்பதே தெரியவில்லை, மூன்று ஜன்னலிலும் அவ்வளவு வெளிச்சம். அடுத்த நாளே தச்சனை அழைத்து, ஜன்னல் சட்டங்களுக்கு அட்டை அடித்து, மேலே யுத்தத்தின்போது விளக்கை மறைத்த இருட்டடிப்புக் காலத்தில் மிஞ்சிய கறுப்புக் காகிதத்தை நானே என் கையால் பசை தடவி ஒட்டினேன். சனிக்கு சனி கழற்றி மாட்டுவது பெரிய வேலை. அதுதான் இப்போது பல்பு எரிகிறதே, ஜன்னல் எதற்கு என்று வாரம் முழுவதும் அப்படியே விட்டோம்.

"சார், நாலு மணிக்கு ஒரு ஜன்னலையாவது தொறந்து வச்சா என்ன?" என்று சுடலைமுத்து ஒரு தரம் கேட்டார்.

"குழாயடிச் சத்தம் தொலையட்டும் என்று நீர்தானே சொன்னீர்?"

"சொன்னேன்தான். இப்ப சத்தமே இல்லாம என்னமோ போல இருக்கு."

தாம் எதைச் சொல்ல வந்தோம் என்பது அவருக்கே அன்று தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

3

நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சனிக்கிழமை வராதிருந்த பிள்ளைகள் வந்தார்கள். கரும்பலகையில் ஆறு மாதம் வரைந்து காட்டியும் ஏறாத பூகோளம் ஒரே மத்தியானத்தில் ஏறியது. கடலில் பனிமலை மிதப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் திங்கட்கிழமை சிலேட்டில் அதைத் தானே வரைந்து வந்தான். எங்கள் அங்கத்தினர் ஒருவர் ஊருக்குப் போனபோது எடுத்த பாபநாசம் அருவிப் படத்தைக் கண்ணாடியில் ஏற்றி வைத்திருந்தோம். அதைப் போட்டதும் கொட்டகையே எழுந்து நின்றது.

"தண்ணி ஓடலியே சார், இது பொய்ப் படம்!" என்று ஒரு குரல் கேட்டது.

"ஓடுச்சின்னா நீ நனஞ்சிருவ. ஒக்காருல" என்றார் சுடலைமுத்து.

தொல்லைகளும் உண்டு. மற்ற ஐந்து நாளும் வாத்தியார் சாக்கட்டியை எடுத்தால், "இன்னைக்குப் படம் இல்லியா சார்?" என்று முகம் தொங்கிப் போகும். திரையில் இருதயம் எங்கே என்று கேட்டால் ஓடிப்போய்த் தொடுகிற பிள்ளை, உன் நெஞ்சில் காட்டு என்றால் விழிக்கும். கண்ணாடி உடைந்தால் அந்தப் பாடம் அதோடு சரி. இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

பெட்டியோடு வந்த விளக்கக் குறிப்புகள் இங்கிலீஷில் இருந்தன. ஆபீஸ் விட்டு வந்து அவற்றைத் தமிழில் எழுதுவேன். விளக்கைப் பார்த்துக்கொள்வது நான், பிள்ளைகளை அடக்குவது வாத்தியார். குறிப்பைப் படிக்க ஆள் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் வள்ளி என்ற பெண் நன்றாகப் படிப்பாள் என்று சுடலைமுத்து நிறுத்தினார். பன்னிரண்டு வயது. எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எட்டுக் கட்டை சாரீரம். திரைக்குப் பக்கத்தில் டார்ச்சு விளக்கோடு நின்று படிப்பாள். இரண்டாவது சனிக்கிழமையே என் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், 'பனிப்பாறைகள் உருகிப் பிரவாகமாகப் பெருக்கெடுக்கின்றன'ன்னு எழுதியிருக்கீக."

"ஆமாம். அதற்கென்ன?"

"இவனுவளுக்கு வெளங்காது சார். 'பனி உருகி ஆறா ஓடுது'ன்னு சொல்லட்டா?"

"சொல்லேன்."

"கோவிக்க மாட்டீகளே?"

கோபம் வரவில்லை. உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. தீபாவளிக்குள் அவளுக்குத் தாளே வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனிக்கிழமை மனப்பாடமாக, அவள் பாஷையில், வந்துவிடும். இவளை மேல் வகுப்பு படிக்கவைத்து இங்கேயே உபாத்தியாயினி ஆக்கிவிட வேண்டுமென்று கமிட்டியில் நான் பேசினேன். அந்தக் குறிப்பும் இருக்கிறது, 8-11-47.

4

22-11-47 சனிக்கிழமை. பாடம் ஆழ்கடல். கதவை யாராவது திறந்தால் வெளிச்சம் விழுந்து படம் அழிகிறது என்று உள்ளே தாழ் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கமாகியிருந்தது. நாலு மணி தாண்டியிருக்கும், வெளியே குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. வள்ளி மீன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பியூஸ் போயிற்று. லாந்தர் அணைந்தது, கூரையில் இருந்த பல்பைப் போட்டால் அதுவும் எரியவில்லை.

அட்டையை நான் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

பையன்கள் ஊளையிட்டார்கள். யாரோ யார் கையையோ மிதித்து, ஒரு பெண் 'ஐயோ' என்று கத்தியது. உடனே நாலைந்து பெண்கள் கத்தினார்கள். அதற்கு மேல் சிரிப்பு. இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு நானும் சுடலைமுத்துவும் ஐம்பது பிள்ளைகளும் சாட்சி. அந்தக் கூச்சலுக்கு நடுவில் வள்ளி மட்டும் நிறுத்தவில்லை. சின்னப் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாதென்று இன்னும் உரக்கப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

"கடலுக்கு அடியில சூரிய வெளிச்சம் போகாது. அங்க இருக்க மீனு தானே வெளிச்சம் போட்டுக்கிடும். யாரும் பயப்படாதீங்க…"

வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது கூச்சல். அதோடு ஒரு பெண்பிள்ளையின் குரல், "பயப்படாதீங்க" என்று. கதவைத் தட்டினார்கள். பிறகு இடித்தார்கள்.

"கதவத் தொறங்க! உள்ள என்ன நடக்கு? ஏ வாத்தியாரே!"

நான் லாந்தரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் குழல் கழன்று கையில் இருந்தது. பிள்ளைகள் கதவை நோக்கி ஓடினால் மேஜையைத் தட்டிவிடுவார்கள் என்ற ஒரே எண்ணம். என் வாழ்நாளில் இவ்வளவு உரக்கக் கத்தியதில்லை.

"கதவைத் திறக்காதே! யாரும் கதவைத் திறக்கக்கூடாது!"

தெருவுக்குக் கேட்டது அதுதான். ஓர் ஆணின் குரல், மாதுங்காக்காரன் குரல், இருட்டுக்குள்ளிருந்து.

சுடலைமுத்து தடவிக்கொண்டே போய்த் தாழை எடுத்தார். வாசல் நிறையப் பெண்கள். முன்னால் நின்றவள் வள்ளியின் தாய் இசக்கி. கிடங்கில் தோல் கழுவுகிறவள். இடுப்பில் குடம் அப்படியே இருந்தது. நேரே வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாட்டி."

"ஒண்ணுமில்லம்மா, லைட்டு போச்சி. பாடம் பாதியில இருக்கு."

"பாடமா? கதவச் சாத்திக்கிட்டு, இருட்டுல, ஆம்பளப் பிள்ளையளையும் பொம்பளப் பிள்ளையளையும் ஒண்ணா ஒக்கார வச்சிக்கிட்டு, தொறக்காதன்னு அதட்டல் வேற. இதுக்குப் பேரு பாடமா?"

"அம்மா, கேளும்மா…"

"நட."

வள்ளி டார்ச்சு விளக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் கையில் டார்ச்சு இருந்தது என்பதே அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டபடியால் அவள் அதைப் போட்டிருக்கவில்லை.

5

திங்கட்கிழமை, நாலாம் வகுப்புக்கு மேல் ஒரு பெண்ணும் வரவில்லை.

கமிட்டி கூடியது. "தாராவியின் அறியாமை" என்று தலைவர் சொன்னார். நான் அதை அப்படியே குறிப்பில் எழுதினேன். எழுதும்போது என் தங்கை நினைவு வந்தது. 1919-ல், கல்லிடைக்குறிச்சியில், அவளையும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அங்கே இருட்டும் இல்லை, லாந்தரும் இல்லை. பள்ளிக்கு ஒரு புது வாத்தியார் வந்தார், அவருக்கு வயது குறைவு, அவ்வளவுதான். அடுத்த நாள் அவளுடைய சிலேட்டை எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன், என்னுடையது உடைந்திருந்தபடியால். எங்கள் வீட்டில் அதற்கு ஒருவரும் அறியாமை என்று பெயர் வைக்கவில்லை. கூட்டத்தில் இதை நான் சொல்லவில்லை.

30-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்துவோடு இசக்கியின் வீட்டுக்குப் போனேன். கல்வியின் மேன்மையைப் பற்றி வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். வள்ளி உள்ளே அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. இசக்கி ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"நீங்கள் தப்பாக நினைக்கும்படி அன்று ஒன்றும் நடக்கவில்லை, அம்மா" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சாமி. எம் மவ சொன்னா. அவ பொய் சொல்ல மாட்டா."

"அப்படியானால் அனுப்பலாமே?"

"எனக்குத் தெரிஞ்சி என்ன? குழாயடியில நின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரியணும்லா? நாளைக்கு இவளுக்கு ஒரு எடம் பாத்தா, கேக்க வாரவுகளுக்குத் தெரியணும்லா?"

"பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். டீச்சராக வருவாள்."

"நாலு வருசமா அனுப்புனேன். அவுக அப்பன் வேண்டாம்னாரு. என் மாமியா வேண்டாம்னா. நான் சொன்னேன், தண்ணி புடிக்கையில என் கண்ணு முன்னாடிதான் ஒக்காந்திருக்கா, நீங்க போயி பாத்துக்கிடுங்கன்னு. போயும் பாத்தாக. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அட்டைய அடிச்சிட்டீக. இப்ப நான் எதக் காட்ட?"

சுடலைமுத்து என்னைப் பார்த்தார்.

"அட்டையை எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"எடுத்துருவீகளா?"

"நிச்சயமாக."

"எடுங்க. எடுத்த அன்னைக்கு அனுப்புதேன்."

நான் வீடு திரும்பியபோது தலைவரின் ஆள் காத்திருந்தான். கல்வி இலாகா அதிகாரி டிசம்பர் 6-ந் தேதி லாந்தர்ப் பாடத்தைப் பார்க்க வருகிறார், மானியத்துக்குச் சிபாரிசு செய்வார் என்று சேதி. உடனே தலைவர் வீட்டுக்குப் போய் அட்டை விஷயத்தைச் சொன்னேன். "ஒரு வாரம் பொறுங்காணும்" என்றார் தலைவர். "மங்கலாக ஒரு படத்தைக் காட்டி மானியத்தைக் கோட்டைவிடுவானேன்? அவர் வந்துவிட்டுப் போகட்டும், பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி எறியும்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. மானியம் வந்தால் பெண்களுக்குத் தனி ஆசிரியையே போடலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 6 இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. இருபது, ஜனவரி பத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு முறையும் ஓர் உறை வரும், ஒரு பதில் எழுதுவேன், நகலைக் கோப்பில் சேர்ப்பேன். தினமும் நாலு மணிக்கு இசக்கி குழாயடியில் உட்கார்ந்து மூன்று கறுப்பு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்பாளே.

இடையில் குறிப்பைப் படிக்க ஆளில்லை. டிசம்பர் 13 சனிக்கிழமை என் மகள் லலிதாவைக் கூப்பிட்டேன். அவளுக்கும் வள்ளி வயதுதான். இங்கே மாதுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அங்கே பெரிய ஜன்னல்கள், கனத்த திரைகள், பேசும் படம் காட்டும் யந்திரம் எல்லாம் உண்டு. தாளைக் கொடுத்தேன். கூடத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள்.

"இது என்ன எழுத்துப்பா?"

சொன்னேன். மறுபடி நின்றாள்.

"நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கோ. இல்லேன்னா ஹிந்தி. கடகடன்னு படிச்சுடறேன்."

"அங்கே தமிழ்க் குழந்தைகள்டீ."

"நான் என்ன குழந்தை?" என்றாள். பிறகு தாளை நாற்காலியில் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு படிச்சா உங்களுக்குப் பெருமை. நான் படிச்சா வெட்கம். எனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று உள்ளே போய்விட்டாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "சனிக்கிழமை சனிக்கிழமையா ஊர்க் குழந்தைகளுக்கு விளக்கைத் தூக்கிண்டு போறேளே, அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்கோ" என்றாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாராவிக்கு நான் நடந்துதான் போவேன், அது அவளுக்கும் தெரியும்.

ஜனவரி 7, புதன்கிழமை, இசக்கி வள்ளியைப் பொங்கலுக்கென்று ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். பத்தாம் தேதி அதிகாரி வந்தார். லாந்தர் வெகு நன்றாக எரிந்தது. இருட்டு திருப்திகரமாக அமைந்திருப்பதாகப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார். எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்து, பெரிய பெண்களைக் காணோமே என்று கேட்டார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்றேன்.

சுடலைமுத்து சாக்கட்டித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அதிகாரி போகும்வரை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

6

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை அட்டைகளை எடுத்தேன். தச்சனைக் கூப்பிடவில்லை. பசை நன்றாகப் பிடித்திருந்தது, காகிதம் கீற்றுக் கீற்றாகத்தான் வந்தது. இப்போது திரையை ஜன்னலில்லாத மூலையில் வைத்து, சுற்றிலும் பழைய மரப்பெட்டிகளை அடுக்கி நிழல் கட்டியிருக்கிறோம். படம் மங்கல்தான், பின்வரிசைக்கு மீன் எது பாறை எது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கதவும் மூன்று ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. குழாயடி இரைச்சல் திரும்ப வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "என்னட்டி மீனு இது, கொழம்புக்கு ஆவுமா?" என்று கேட்கிறார்கள். பெரிய பெண்களில் பாதிப் பேர்போல் வந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியருக்கு என் பதில் இது. லாந்தர் வாங்குங்கள். அது நல்ல சாமான், பிள்ளைகள் கண் விரிவதைப் பார்ப்பீர்கள். வாங்குவதற்கு முன்னால், இப்போது உங்கள் வகுப்பை வெளியிலிருந்து யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நான் அதைச் செய்யவில்லை. இன்னொன்று, டார்ச்சு விளக்கை வாத்தியார் கையில் கொடுங்கள்.

இசக்கி பிப்ரவரியில் தனியாகத் திரும்பி வந்தாள். குழாயடியில் பார்த்தேன்.

"அட்டையை எடுத்துவிட்டேன், அம்மா" என்றேன்.

"பாத்தேன் சாமி. நல்லாருக்கு. காத்து வருது." குடத்தை நகர்த்திவைத்தாள். "மத்ததுக படிக்கட்டும்."

"வள்ளி?"

"அவ அங்க அவுக அத்த வீட்டுல இருக்கா. பள்ளிக்கூடம் போறா. நல்லாப் படிக்கா." சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் நான் அடுத்துக் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தாள்.

மே மாதம் சுடலைமுத்துவின் மைத்துனர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தார். வள்ளி போயிருக்கும் அதே ஊரில் பம்பாயிலிருந்து வந்த ஒரு பெண், பன்னிரண்டு பதிமூன்று வயது, அத்தை வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். சுற்றிக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு உரத்த குரலில் கதை சொல்லுமாம். பெயர் கேட்கவில்லை என்றார். அந்த ஊரில் பம்பாயிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பல உண்டு என்றும் சொன்னார். அது வேறு பெண்ணாக இருக்கலாம். இசக்கி எனக்குச் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அவள் மானத்துக்காக ஒரு பொய் சொல்லியிருந்தாலும், அதிகாரிக்கு நான் சொன்னதைவிட அது பெரிதல்ல.

அந்த ஊர்ப் பள்ளிக்கு மே 24-ந் தேதி ஒரு கடிதம் எழுதினேன். ஜூன் 28-ந் தேதி இன்னொன்று. பதில் வரவில்லை. வள்ளியின் உண்மைப் பெயரையும் ஊரையும் தலைமையாசிரியருக்குத் தனிக் கடிதத்தில் இன்றே அனுப்புகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து அந்த ஊர் அவருக்கு ஒரு நாள் பிரயாணம், எனக்கு மூன்று நாள். இது அச்சுக்குப் போகும்வரை, வள்ளி எந்தப் பள்ளியிலாவது படித்துக்கொண்டிருக்கிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை. படிக்கிறாள் என்று தாய் சொன்னதும், படிக்கவில்லை என்று நினைக்கும்படி மைத்துனர் சொன்னதும் இரண்டுமே சரிபார்க்கப்படாதவை.